பொருத்தனைப் பிள்ளை

ஜூன் 12, வியாழன்

சலோமி அக்கா, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. வீடு அடங்கி, பால் பாட்டில்களைக் கொதிக்க வைத்து எடுத்து, நாளை மாவுக்கு உளுந்து ஊறப் போட்ட பிறகுதான் இந்த நோட்டைத் திறக்க முடிகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்.

மலைக்கு ஏறும் முன் கடைசியாகப் போனில் சொன்னாயே, "மழை தொடங்கிட்டா இங்க ரோடும் கிடையாது, சிக்னலும் கிடையாது. நீ கொஞ்சம் கொஞ்சமா எழுதி வை பிரமி. ரோடு தொறந்ததும் மொத்தமா அனுப்பு" என்று. ஒடிசா மலைக்குப் போய் இத்தனை வருஷம் மிஷன் ஊழியம் செய்கிறாய். அந்த மலையில் மழை எப்படி இருக்கும் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இங்கே தூத்துக்குடியில் மழை இல்லை, காற்றுதான். வீடு முழுக்க மண்.

எபிக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். நேற்று என் மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் காலைக் கடித்து வளைத்துவிட்டான். அத்தை திட்டவில்லை. "எங்க ராசா, பிரேம் மாத்தணும்னு நானே நெனச்சேன்" என்று கொஞ்சுகிறார். மருமகள் வளைத்திருந்தால் கதை வேறு.

இன்று மதியத்திலிருந்து அவன் உடம்பு லேசாகச் சுடுகிறது. பல் முளைக்கும் சூடு என்கிறார் அத்தை. நான் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அலைகிறேன். ஆசீர் அத்தான் துறைமுகத்திலிருந்து வந்து, கிரேன் ஓட்டிய கையைக் கழுவுமுன்னே, "இன்னைக்கு எத்தன தடவ வச்சுப் பாத்த?" என்று சிரித்தார். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று நீயும் கேட்பாய். படித்ததால்தான் அக்கா பயம். என்னென்ன வரலாம் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எபி உள்ளே தூங்குகிறான். மூச்சு சீராக இருக்கிறது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. வாயோரம் நுரை. நான் போட்ட சத்தத்தில் அத்தை தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சாப்பிட்ட கையோடு வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. அத்தானுக்குப் போன் போட்டேன், போட்டேன், எடுக்கவில்லை. கிரேன் மேலே இருக்கும்போது எடுக்கக் கூடாது.

அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, இவன எனக்குத் தந்துரும். இவன உமக்கே ஊழியத்துக்குக் குடுத்துருதேன். இது பொருத்தனை."

யோசித்துச் சொல்லவில்லை. இப்படி ஒரு கதவு சாத்திக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நம் வீட்டில் நான் கற்றது அது ஒன்றுதான். சின்ன வயதில் உனக்குத் தொண்டை அடைப்பான் வந்தபோது அம்மா இப்படித்தானே பொருத்தனை செய்து உன்னைக் கேட்டு வாங்கினாள். எத்தனை ஜெபக்கூட்டத்தில் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் வாயை மூடவில்லை, உள்ளே எபி வீறிட்டு அழுத சத்தம் கேட்டது.

பேசி முடித்துக் கைமேல் கை அடித்தது போல.

ஜூன் 16, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். காதில் சீழ் வைத்திருந்திருக்கிறது. அதனால் காய்ச்சல், காய்ச்சலால் வலிப்பு. "சின்னப் பிள்ளைங்களுக்கு ஜுரம் சட்டுனு ஏறினா வர்றதுதாம்மா. வளர வளரப் போயிடும்" என்றார் டாக்டரம்மா. இது எனக்குத் தெரியும். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். முதல்முறை கேட்பதுபோல் தலையாட்டினேன்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஜூன் 22, ஞாயிறு

பொருத்தனையைப் பற்றி அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க ஒத்திப் போட்டேன். அத்தையிடம் மட்டும், மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அத்தை அரிவாள்மனையை விட்டு எழுந்து, செதில் ஒட்டிய கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டார்.

இன்று கோயிலில் சாட்சி சொல்லும் நேரத்தில் அத்தை எழுந்து மைக்கை வாங்கினார். "எம் பேரன் செத்துப் பொழச்சான். எம் மருமவ அவனக் கர்த்தருக்கே பொருத்தனை பண்ணிட்டா. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒரு ஐயர் கெடையாது. இனிமே உண்டு." கோயில் முழுக்க அல்லேலூயா. போதகரை ஐயர் என்றே சொல்லிப் பழகிய சபை, ஆராதனை முடிவதற்குள் எபிக்குப் பெயரும் வைத்துவிட்டது. குட்டி ஐயர். ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். "ஐயரே, எனக்கு ஒரு ஜெபம் பண்ணும்" என்றாள் ஒருத்தி. ஐயர் அவள் கம்மலைக் கடித்தார்.

அத்தானுக்கு இன்று காலை ஷிப்ட். துறைமுகக் கேன்டீனில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "மவன ஊழியத்துக்குக் குடுத்துட்டியாமே, பெரிய மனசுப்பா" என்றிருக்கிறார். அவர் வீட்டம்மா கோயில் வாசலிலிருந்தே போன் போட்டிருக்கிறாள்.

அத்தான் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"என்னட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க போன் எடுக்கல."

"மேல இருந்தா எடுக்க முடியாதுன்னு தெரியும்லா. எறங்கின பெறவு? நேத்து? முந்தாநேத்து?"

நான் சோற்றுப் பானையைத் திறந்து மூடினேன்.

"சொமந்து பெத்தது நீதான், ஒத்துக்கிடுதேன். அதுக்காவ, பக்கத்து வீட்டுக்குக் கொழம்பு குடுத்து விடுத மாதிரி பிள்ளையக் குடுத்து விடுவியா? பெரியவனாயி, அவன் வாயால போறேன்னு சொன்னான்னா நானே பொட்டி தூக்கி ரயில் ஏத்தி விடுதேன். இப்ப அவனுக்கு அப்பான்னு சொல்லக்கூடத் தெரியாது."

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "ஏல ஆசீரு, கர்த்தர் காரியத்த வெளையாட்டாப் பேசாதல."

"வெளையாடுதது நானாம்மா?"

அதற்குப் பிறகு வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது.

ஜூன் 27, வெள்ளி

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எஸ்தர்மணி அக்காதான் தலைவி. யார் வீட்டில் நோவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். எபிக்கு ஒரு சின்ன வெள்ளை அங்கி தைத்துக் கொண்டுவந்தார்கள். கழுத்துப் பட்டியெல்லாம் கச்சிதமாக வைத்து, அசல் ஐயர் அங்கி. போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு அழகு. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு நெருங்கினார்கள். அவன் கேப்பைக் கூழை அங்கி நெடுக வாந்தி எடுத்தான்.

நானும்தான் சிரித்தேன். துவைத்துக் கொடியில் போட்டேன். இந்தக் காற்றில் அது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆடியது. உள்ளே ஆள் இல்லை. பார்க்கப் பிடிக்காமல் அரை ஈரத்திலேயே எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

நீ முதல்முதல் கிளம்பிய அன்று ரயில்வே ஸ்டேஷனில் அம்மா சிரித்த முகமாக நின்றாள். பாட்டுக்கூடப் பாடினாள். வீட்டுக்கு வந்து நீ சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி எடுத்துக் கழுவினாள். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

மில்லில் மிளகாய் திரிக்கக் கொடுத்தது அப்படியே கிடக்கிறது. நாளைக்கு வாங்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

அக்கா, சிரிக்காதே. ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாத்திரம் தேய்க்கும்போது தொடங்கியது. ஊழியம் என்றால் முழுநேர ஊழியம்தானா? பாடகர் குழுவில் பாடினால் சேராதா? டாக்டராகி, வருஷத்தில் ஒரு மாதம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால்? சரி, ஐயராகவே ஆகட்டும். ஆனால் இந்த மாவட்டத்துக்குள்ளேயே, சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில்? சீலா மீன் வாங்க நின்றுகொண்டு, தலை வேண்டாம், வால் வேண்டாம், நடுத்துண்டு மட்டும் போடுங்கள் என்பது போல இருக்கிறது.

கேட்டுவிட்டுப் பயந்துபோகிறேன். மனதுக்குள் நினைப்பதெல்லாம் அவர் காதில் விழும். விழுந்திருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு ஜெபம் பண்ணினேன்.

இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க நான் ஆல்டருக்குப் போகவில்லை. பிள்ளை அழுகிறான் என்று சொல்லிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றேன். அவன் அழவில்லை. எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்னதைக் கொடுக்க மனம் இல்லாதவள் எந்த முகத்தோடு போய் முழங்காலிடுவது?

எங்கள் ஆல்வின் ஐயரை உனக்குத் தெரியாது. காலேஜில் எனக்கு ஜூனியர். லேபில் ஆசிட்டைக் கொட்டி மேஜையைக் கருக்கியவன். போன வருஷம் எங்கள் சபைக்கே ஐயராக வந்து இறங்கினார். 'டேய்' என்று வருகிற வாயை 'ஐயரே' என்று திருப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்கும் 'அக்கா'வை விட முடியவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "என்னக்கா, இன்னைக்கு ஆல்டர்ல ஆளக் காணும்?"

"பிள்ள அழுதான், ஐயரே."

எபி அவரைப் பார்த்து இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். துரோகி.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் வந்துவிட்டது. நேற்று காலை. அதே காய்ச்சல், அதே விறைப்பு, செருகின அதே கண். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே தெளிந்துவிட்டான். "ஒரு தடவை வந்த பிள்ளைக்கு இன்னொரு தடவை வர்றது சகஜம்மா. காது இன்னும் ஆறல. மருந்த மாத்தித் தாரேன்" என்றார் டாக்டரம்மா. அத்தான் லீவு போட்டுவிட்டு அவனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நான் எழுந்தால் அவர் உட்காருகிறார், அவர் எழுந்தால் நான்.

இன்று மத்தியானம் எஸ்தர்மணி அக்கா பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "தப்பா எடுத்துக்கிடாத பிள்ளே" என்று ஆரம்பித்தார். "பொருத்தனை பண்ணிட்டு மனசு ஆடக் கூடாது. குடுக்கேன்னு சொன்னதக் குடுக்காட்டி அவரு கேப்பாரு."

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் என் மனசு ஆடியது அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 11, வெள்ளி

கேட்பாராம்.

ஜூலை 17, வியாழன்

எபிக்குக் காய்ச்சல் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்து அவன் நெற்றியே தேய்ந்துவிடும் போல. ஒரு தும்மல் தும்மினாலும் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன். சமையலறையில் நின்றாலும் ஒரு காது தொட்டிலில். கோயில் மணி கேட்டால் முன்பெல்லாம் நன்றாக இருக்கும். இப்போது யாரோ வாசலில் வந்து நின்று கூப்பிடுவது போல இருக்கிறது.

ஆல்வின் ஐயர் வீடு சந்திக்க வந்தார். அத்தை டீ போட உள்ளே போன நேரத்தில் கேட்டுவிட்டேன்: "ஐயரே, பொருத்தனைய எப்ப நிறைவேத்தணும்? இவ்வளவு சின்னப் பிள்ளைய எப்படிக் குடுக்கது?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "எதுக்குக்கா இப்ப?"

எஸ்தர்மணி அக்கா சொன்னதைச் சொன்னேன். பேரத்தையும் சொன்னேன். மீன் துண்டு வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எபியின் கால் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஆண்டவரப் பாத்து உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

"காலேஜ்ல ஜெபக்குழு நடத்துவீங்களே. அப்பவும் இருந்துச்சா?"

"அப்ப எங்கிட்ட பிள்ள இல்லயே."

அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் போன் வந்துவிட்டது. சபையில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். டீயை வாய் வைத்த மாதிரி வைத்துவிட்டு எழுந்தவர், வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டே, "முதல் ஞாயிறு ஆல்டருக்கு வாங்கக்கா. கண்டிப்பா வரணும். எபியையும் கொண்டாங்க" என்றார்.

ஆக, அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

அங்கியை எடுத்து மறுபடி துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டேன். கூழ்க் கறை போய்விட்டது. அத்தை நாளைக் காலை புளியோதரை கிளறி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

அத்தானிடம் இந்த முறை நானே சொன்னேன். நாளைக்கு ஆல்டரில் எபியை ஒப்புக்கொடுக்கப் போகிறேன், ஐயர் வரச் சொல்லியிருக்கிறார் என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட் மாத்திட்டேன். நானும் வாரேன்" என்றார்.

"நெசமாவா?"

"ஒன்னத் தனியா விட மாட்டேன். ஆனா ஒண்ணு, நான் குடுக்கதுக்கு வரல. திருப்பித் தூக்கிட்டு வரதுக்கு வாரேன்."

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? கொடுத்துவிட்டால் அவன் நம் கையிலேயே வளர்வான், ஆனால் நம்முடையவனாக இருக்க மாட்டான் என்று. கொடுக்காவிட்டால் வளரவே மாட்டானோ என்று. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்கா, நான் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? புளியோதரை இரண்டு தட்டு. இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

கோயிலில் பெண்கள் இடதுபக்கம், ஆண்கள் வலதுபக்கம். ஆல்டர் கம்பியிலும் அப்படித்தான் முழங்காலிடுவோம். நடுவில் ஐயர் வந்துபோக ஒரு சின்னக் கதவு. நான் பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக, கதவை ஒட்டி முழங்காலிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான். ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக வந்து இடம் பிடித்திருக்கிறார். திருவிருந்து அன்று பின்பெஞ்சில் சாய்ந்து நிற்கிற மனிதர்.

எபி அங்கி போட்டு என் கையில். கஞ்சி போட்ட துணி மொடமொடவென்று இருந்ததால் நெளிந்துகொண்டே இருந்தான். வாய்க்குள் சொல்லி வைத்திருந்தேன்: இதோ, சொன்னபடி கொண்டுவந்துவிட்டேன். இனி கேட்காதேயும்.

ஆல்வின் ஐயர் அப்பத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் வந்து நின்றதும் நான் பிள்ளையைத் தூக்கி அவரை நோக்கி நீட்டினேன்.

அவர் ஒரு கையில் தட்டு, மறு கையில் அப்பம். வாங்க அவருக்குக் கை இல்லை. என்னையே பார்த்தார்.

"கைய நீட்டுங்கக்கா" என்றார் மெதுவாக.

"இவன..."

"அவன இல்லக்கா. உங்க கைய."

எனக்குப் புரியவில்லை. பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். எபிக்குத் தட்டு எட்டிவிட்டது. அள்ளப் பாய்ந்தான். ஐயர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கினார். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போது கதவுக்கு மேலாக இரண்டு கை நீண்டு வந்தது. அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் எபியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

என் கை இரண்டும் வெறுமையாக அப்படியே அந்தரத்தில் நின்றது.

திடப்படுத்தல் வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, இடது கை மேல் வலது கையை வைத்து ஏந்த வேண்டும் என்று. எப்படியோ கை தானாக அப்படி வந்தது. ஐயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். கிறிஸ்துவின் சரீரம், எனக்காகக் கொடுக்கப்பட்டது என்று. பதினாறு வயதிலிருந்து மாதாமாதம் கேட்கிற வார்த்தை.

கொடுக்கப்பட்டது. கொடுத்தாகிவிட்டது அக்கா. நான் கொடுக்க வந்த இடத்தில், எனக்கு முன்னாலேயே ஒருவர் தம்மையே கொடுத்து முடித்துவிட்டு, நீ கையை நீட்டு என்கிறார். நான் என்னவென்றால் கை நிறையப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை வாங்க முடியாமல் நிற்கிறேன்.

அப்பம் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுகையில் விழுங்க முடியவில்லை. திராட்சரசப் பாத்திரம் வந்தது, குடித்தேன், இறங்கியது. ஐயர் கதவைத் தாண்டி அத்தானிடம் போய், அவருக்கும் கொடுத்துவிட்டு, எபியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவ்வளவுதான். யாரும் என் பிள்ளையை வாங்கிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவே இல்லை.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஐயரைப் பிடித்தேன். "ஒப்புக்கொடுக்கத்தானே வரச் சொன்னீங்க?"

"ஐயோ, நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? போன தடவ நீங்க வரல, சாப்பிடாமப் போயிட்டீங்க. அதுக்குத்தான் வாங்கன்னேன்." அங்கிக் கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கம்பிகிட்ட யாரும் எதையும் கடன் மாதிரிக் கொண்டுவந்து கட்ட முடியாதுக்கா. எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறோம். நானும்தான்."

"அப்ப பொருத்தனை?"

"நீங்க பயந்துபோய்ச் சொன்னீங்க. பிள்ளையத் தந்தாத்தான் பிள்ளையத் தருவேன்னு அவரு சொன்னாரா?"

சொல்லவில்லை. இயேசு யாரிடமும் அப்படிப் பேரம் பேசியதாக நான் படித்ததே இல்லை. செத்துப்போன பிள்ளையை எழுப்பினார், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று பெற்றவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். நான் இத்தனை நாள் பயந்து நடுங்கியது அவரைப் பார்த்து இல்லை. அவர் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரையோ அவர் இடத்தில் உட்கார வைத்திருந்தேன். பிள்ளையைக் கேட்கிற ஒருவரை. நம் விசுவாசத்தின் நடுவில் இருப்பவர் கேட்பவர் இல்லை, தம்மையே கொடுத்தவர். அவரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? என் ஜெபம், அம்மாவின் பொருத்தனை, அத்தையின் சாட்சி. இதில் எதைப் பிடித்துக்கொண்டு நான் தூங்குவேன்?

திரும்பி வரும்போது பைக்கில் அத்தான் கேட்டார். "அப்ப இவன் ஐயர் ஆவக் கூடாதா?"

"ஆவலாம். அவரு கூப்பிட்டு, இவனே போனா ஆவலாம். என் கடனுக்கு இல்ல."

"அன்னைக்கு இதத்தான நான் சொன்னேன்."

"நீங்க கொழம்பு கதை சொன்னீங்க."

முதுகு குலுங்கச் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எஸ்தர்மணி அக்கா வந்தார். நடந்ததைச் சொன்னேன். நம்ப மாட்டார், கண்டிப்பார் என்று தயாராக இருந்தேன். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு யாரும் இப்படிச் சொல்லலியே பிள்ளே" என்று மட்டும் சொன்னார். அவர் செய்தது என்ன பொருத்தனை, யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அடுத்த திருவிருந்துக்கு என் பக்கத்தில் முழங்காலிடுங்கள் என்றேன். தலையாட்டினார். போகும்போது பழைய எஸ்தர்மணி அக்காவாகி, "அப்ப நாங்க தச்ச அங்கிய என்ன செய்ய?" என்று கேட்டார். "தலகாணிக்கு ஒறை போடலாம்" என்று உள்ளேயிருந்து அத்தான் சொன்னார். அத்தைக்குக் கோபம். இன்னும் போகவில்லை. சபை முன்னால் சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது என்பது அவர் கவலை. அதற்கும் ஒரு வழி பிறக்கும்.

எபிக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது. தெர்மாமீட்டரை ஒரே ஒரு தடவை வைத்தேன். சரி, இரண்டு தடவை. பயம் மொத்தமாகப் போய்விடவில்லை அக்கா. ஆனால் நான் இப்போது பயப்படுவது காய்ச்சலைப் பார்த்துத்தான், ஆண்டவரைப் பார்த்து இல்லை. காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது.

உங்கள் மிஷன் ஆபீசில் இன்று கேட்டேன். மழை விட்டிருக்கிறதாம், இந்த வாரம் ரோடு திறந்துவிடுமாம். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் உன் கதையை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நீ சொல்லிக் கேட்டதில்லை. நான் கேட்டதும் இல்லை. அம்மா உன்னைக் கொடுத்தாள் என்றுதான் எனக்குத் தெரியும். நீயாகப் போனாயா அக்கா? அவர் கூப்பிட்டுப் போனாயா, இல்லை, போகாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று போனாயா? எதுவாக இருந்தாலும் எழுது. விரும்பித்தான் போனாய் என்றால் சந்தோஷப்படுவேன். இல்லை என்றால், நீ யாருக்கும் எதையும் கட்ட வேண்டியதில்லை என்று முதலில் சொல்கிற ஆளாக நான் இருக்க வேண்டும். இங்கே உனக்கு ஒரு அறை உண்டு. அங்கேயே இருக்க ஆசை என்றால் இரு, எபியைத் தூக்கிக்கொண்டு நான் வந்து பார்க்கிறேன்.

நீளமாக வேண்டாம், நாலு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.